எடைக்கட்டிகள்

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவேண்டும், நிறுத்திவிட்டேன், கறுப்பு வட்டம் முன்வளையத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, விசையில் விரல் இருக்கிறது, அழுத்தினால் முடிந்தது, பின்னாலிருந்து அவர் செருமுகிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம், பார்வையாளர்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் முன்வரிசையில், முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் கணவர் ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார். ஒரு செருமல் என்றால் காற்று இடப்பக்கமிருந்து வருகிறது. இரண்டு என்றால் வலப்பக்கம். போட்டி நடக்கும்போது யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித்தரக் கூடாது, ஆனால் செருமக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை என்று காரில் வரும்போது சொன்னார், சொல்லிவிட்டு அவரே சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார். காற்று இடமிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாதா. இது ஆனி மாசம், கோயம்புத்தூருக்கு மேற்கே இந்தப் பொட்டல் காட்டில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று காலையிலிருந்து என் இடது காதுமடலை அறுத்துக்கொண்டிருக்கிறது, பாய்மேல் குப்புறப் படுத்திருக்கிற என் முதுகில் இந்தத் தடித்த கோட்டு இல்லாவிட்டால் குளிரக்கூடச் செய்யும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் செருமுகிறார். அழுத்திவிட்டேன். நான் அழுத்தவில்லை, செருமல் அழுத்தியது. என் பக்கத்திலிருக்கிற சின்னத் தொலைநோக்கியில் குறியட்டையைப் பார்க்கத் தலையைத் திருப்புவதற்குள் பின்னால் நாக்கைத் தட்டுகிற சத்தம், ச்ச், அப்படியென்றால் ஒன்பது. என் குண்டு எங்கே விழுந்தது என்பது என்னைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பார்த்தேன். ஒன்பதுதான். இன்று இப்படி ஒன்பதுகள் நிறைய விழுந்தால் மாநிலப் போட்டிக்குப் போகிற கிளப் அணியில் இடம் கிடைக்காது, இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் ஆறு மாசமாக அவர் என்னைத் தயார்செய்துகொண்டிருக்கிறார். என்னை என்று சொன்னால் போதாது. என்னையும் இதையும்.

இது என்பது இந்த ரைபிள். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது, கோகிலவாணி, கணவர் பெயர் ஈஸ்வரமூர்த்தி என்று. வாங்கி வந்த அன்றைக்கு இது ஒரு ரைபிள் மாதிரி இருந்தது. குழல், கட்டை, விசை, முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு துளை, தோளோடு இழுத்துக் கட்ட ஒரு வார். இப்போது இதற்குள் ரைபிள் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். குழலின் முனையில் அலுமினிய எடைக்கட்டிகள், அவருடைய சொந்தப் பட்டறையில் மோட்டார் பம்புக்குப் பாகம் கடைகிற அதே லேத்தில் அவரே நின்று கடைந்து பளபளவென்று மெருகேற்றியவை. முனையில் கனம் இருந்தால் ஆடாது வாணி. முன்வளையத்துக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு ரசமட்டம், கொத்தனார் சுவருக்கு வைத்துப் பார்ப்பாரே அதன் குட்டி, உள்ளே பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி. துப்பாக்கி சாயக் கூடாது வாணி. பின்துளைக்கு முன்னால் நிறக்கண்ணாடிச் சக்கரம், மேகம் வந்தால் மஞ்சள், வெயில் வந்தால் சாம்பல். இடது கண்ணை மறைக்க ஒரு கறுப்புத் தகடு. குழலின் சூட்டில் கானல் எழும்பி வட்டம் நெளியாமலிருக்க அதன்மேல் நீளவாக்கில் ஒரு நாடா. இடது கைக்கு ஒரு தாங்கி. கட்டையின் அடியில் அக்குளைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. கன்னம் வைக்க ஒரு பலகை, அதற்காக மைதா பிசைந்து என் கன்னத்தில் வைத்து அச்செடுத்தார், நான் சாப்பாட்டு மேஜை பக்கத்தில் முகத்தில் மாவோடு உட்கார்ந்திருந்தேன், அசையாதே, அசையாதே என்றார். எல்லாவற்றையும் மாட்டியபின் மளிகை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தார், விதி அனுமதிக்கிற எடைக்கு ஒரு எலுமிச்சம்பழம் குறைவு. அந்த எலுமிச்சம்பழத்தின் அளவுக்கு இன்னும் எதை மாட்டலாம் என்று யோசித்த முகத்தை நான் பார்த்தேன். இதில் ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்ல முடியுமா. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு காரணமும் சரி. அதுதான் இதில் உள்ள கொடுமை, அவர் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறார்.

அடுத்த தோட்டா. வெளியே எடுத்த காலித் தோட்டாவின் புகை மூக்கில் கசக்கிறது. இந்த வாசனைக்காகத்தான் வந்தேன். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் முதல்முறை படுத்துச் சுட்டபோது வந்த வாசனை, சரளைக்கல் முழங்கையில் குத்தி ரத்தம் கசிந்தது, ஒரு காக்கி வார், ஒரு பழைய மரக்கட்டைத் துப்பாக்கி, எந்தப் பொண்ணு சுட்டது இது என்று ஹவில்தார் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். நான் கை தூக்கினேன். வாழ்க்கையில் என்னிடம் எது நன்றாக இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்தபின் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது, இல்லை, சொன்னதால்தானே கிளப்புக்கு வந்தேன். அவர் அப்போதே இங்கே உறுப்பினர். அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார், எந்தப் புருஷன் செய்வான் என்று என் அம்மா கேட்டாள், எந்தப் புருஷனும் செய்யமாட்டான், உண்மைதான். முதல் வருஷம் கிளப்பின் பழைய ரைபிளை வைத்துச் சுட்டேன். அதற்குக் கன்னப்பலகை கிடையாது, ஒரு துண்டை மடித்துக் கட்டியிருப்பார்கள், அதில் எல்லோருடைய வியர்வையும் இருக்கும். அதை வைத்துத்தான் மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். மேடையிலிருந்து இறங்கியதும் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், கையைப் பிடித்துக்கொண்டு, வாணி, இந்தக் கட்டையிலேயே இப்படின்னா, நல்லதா ஒண்ணு வாங்கி எல்லாம் மாட்டிட்டா எங்க போயிருவே பாரு என்றார். எங்கேயும் போகவில்லை. அந்த வருஷம் எடுத்த புள்ளியைத் தாண்டி இதுவரை போகவில்லை. அதை ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன், அப்படின்னா இன்னும் எதோ ஒண்ணு குறையுது என்று சொல்லிவிட்டு அந்தக் கொக்கியை வாங்கினார்.

சுட்டேன், பத்து, பின்னால் சத்தமில்லை, பத்து என்றால் சத்தம் வராது, பத்து என்பது அவர் எதிர்பார்த்தது. பக்கத்துச் சுடுபாதையில் பல் டாக்டர் ஞானசேகரன் சுடுகிறார், அவருடைய துப்பாக்கி என்னுடையதைவிட மோசம், அதன்மேல் எதுவும் மாட்டாத இடமே இல்லை, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஒரு திருகைத் திருகுகிறார், முகூர்த்தத்துக்கு நிற்கும்போதும் ஒட்டியாணத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கிற பெண் மாதிரி. இவர்கள் இங்கே டீ குடிக்கும்போது பேசுவதைக் கேட்கவேண்டும். உங்களுது ஜெர்மனியா, என்ன பிடிமானமுங்க, எங்க வாங்கினீங்க. கல்யாண வீட்டில் நகையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பொம்பளைகளைக் கிண்டல் செய்கிறவர்கள் இவர்கள். ஒருவர்கூட அட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. அட்டையைப் பற்றிப் பேசினால் தன்னைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். ஏழு விழுந்தால் உடனே குனிந்து துப்பாக்கியைத்தான் பார்க்கிறார்கள், எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று. என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் பெரிய மனிதர், எல்லோருக்கும் தன் பட்டறையிலிருந்து ஏதாவது கடைந்து தருகிறார், சும்மாவே தருகிறார். அவர் இப்போது சுடுவதில்லை. வலது கண்ணின் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆகி, பார்வை வந்தும் நேர்க்கோடு நெளிந்து தெரிகிறது. கடைசியாகச் சுட்ட அன்றைக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பாவம். இதை நினைக்கக் கூடாது. பாவம் என்று நினைத்தால் கோபம் அடங்கிவிடும், கோபம் அடங்கினால் நான் என்ன ஆவேன், இன்னொரு எலுமிச்சம்பழத்துக்கு இடம் கொடுத்துவிடுவேன். கோபம் இருக்கட்டும். கண் போனால் போனவர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம், தோட்டம் போடலாம், என் கண்ணை எதற்காக எடுத்துக்கொள்ளவேண்டும்.

மறுபடி செருமல், இரண்டு. இல்லை, காற்று மாறவில்லை, அட்டைக்குப் பக்கத்தில் நட்ட கொடி அப்படியேதான் பறக்கிறது. அவருக்கு நெளிந்து தெரிகிறது. அல்லது எனக்குத்தான் தப்பாகத் தெரிகிறதா, பார், இதைத்தான் சொல்கிறேன், கண்முன்னால் பறக்கிற கொடியை நம்ப முடியாமல் ஆக்கிவிட்டான். மனசுக்குள் அவன் என்று வந்துவிடுகிறது. எப்போதிருந்து வர ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வாயில் வாங்க போங்க, சாப்பிடுங்க, சரிங்க, உள்ளே அவன். யாருக்கும் தெரியாது, உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது என்றுதான் போன மாசம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசம் குழலுக்கு அடியில் மாட்ட ஒரு கருவி வாங்கி வந்தான். போட்டியில் மாட்டக் கூடாது, வீட்டில் பழகும்போது மாட்டலாம். கூடத்தின் இந்தச் சுவரோரம் நான் படுத்துக்கொண்டு அந்தச் சுவரில் ஒட்டிய காகிதத்தைக் குறிபார்க்கவேண்டும், குண்டு இல்லை, வெறும் விசைதான். கருவியிலிருந்து ஒரு கம்பி லேப்டாப்புக்குப் போகிறது. துப்பாக்கி முனை எப்படியெல்லாம் நகர்கிறதோ அது திரையில் கோடாக ஓடுகிறது, பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, விசை விழுகிற கணத்தில் சிவப்பு. நூல் சிக்கிய மாதிரி. அவன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதையே பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. முதல் நாள் கேட்டான், நேத்து சரியாத் தூங்கலியா வாணி, கோடு அகலமா இருக்குது. தூங்கவில்லை, உண்மைதான். இரண்டாம் நாள், உங்கம்மா போன் பண்ணுனாங்களா. பண்ணினாள். கோட்டில் இருக்கிறது. கோட்டில் எல்லாமே இருக்கிறது.

அதற்கப்புறம் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். குக்கர் அடங்கியிருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருந்தார்கள், நான் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த அமைதியில், நான் வரவழைக்கவில்லை, தானாகவே வந்தது, இவர் இல்லாமல் போனால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று. செத்துப்போனால் என்று நினைத்தேனா. ஆமாம், அதைத்தான் நினைத்தேன். யாரும் எதுவும் செய்யவில்லை, ரத்தம் இல்லை, அழுகைகூட இல்லை, ஏதோ வியாதி வந்து எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்ட பிறகு ஒரு நடுப்பகல், கூடம் காலியாக இருக்கிறது, நான் ஒரு டம்ளரில் காபி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன், காபி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. விசையை அழுத்தினேன். அவன் லேப்டாப்பில் குனிந்து அந்த இடத்தைப் பெரிதாக்கினான், இங்க பாரு வாணி, அருமையா ஓடிட்டிருந்தது, இந்த எடத்துல ஒரு சுழி விழுந்திருக்குது பாரு, எதையோ நெனச்சிருக்கே, என்ன நெனச்சே என்று கேட்டான். கையில் துப்பாக்கியோடு படுத்துக்கொண்டு, ஒண்ணுமில்லீங்க என்றேன். இல்ல, என்னமோ நெனச்சே, சொல்லு, எதுன்னு தெரிஞ்சாத்தான சரிபண்ண முடியும் என்று சிரித்துக்கொண்டே கேட்டான், அந்தச் சுழியின்மேல் விரலை வைத்துக்கொண்டு. அந்த விரல். அன்றையிலிருந்து எனக்குப் பயம். அவனைப் பார்த்துப் பயமில்லை, அவன் கை ஓங்கியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. அந்த நினைப்பு துப்பாக்கியைத் தோளில் வைத்தாலே வந்துவிடுகிறது, வந்தால் சுழி விழுகிறது, சுழி விழுந்தால் அவன் பார்க்கிறான், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் படித்துவிடுவான். நினைக்காமலிருக்க வேறு எதையாவது நினைக்கிறேன், வாய்ப்பாடு சொல்கிறேன், அதற்கும் ஒரு கோடு இருக்கிறது. எனக்கென்று ஒளித்துவைக்க இருந்தது இந்தத் தலை ஒன்றுதான். அதற்கும் ஒரு தாங்கியை மாட்டிவிட்டான்.

எட்டு. ச்ச்ச். இந்த முறை நாக்குத் தட்டல் நீளம். பாதி ஆட்டம் முடிந்திருக்கும். இப்போதிருந்து எல்லாம் பத்தாக விழுந்தால் இடம் கிடைக்கலாம். அந்தக் கொக்கி அக்குளில் கிள்ளுகிறது, கன்னப்பலகை என் கன்னத்தின் அச்சு என்கிறான், எனக்கு அது வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்கிறது, ஆறு மாசத்துக்கு முன்னால் மாவு பூசிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கன்னம். ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே நிற்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது, எவ்வளவு ஒழுக்கமாக நிற்கிறது. குறிபார்க்கிறேனா குமிழியைப் பார்க்கிறேனா. மூச்சு. பாதி. வட்டம் உட்கார்கிறது. அவன் செருமப் போகிறான். இன்னும் செருமவில்லை, செருமப் போகிறான் என்று என் முதுகுக்குத் தெரிகிறது, முதுகுத்தோல் காது மாதிரி விரிந்து காத்துக்கொண்டிருக்கிறது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, பாய்மேல் வைத்தேன். பக்கத்தில் சின்னப் பெட்டியில் ஆலன் கீ இருக்கிறது, தினமும் அவர்தான் எடுத்து வைப்பார். எடுத்தேன். முதலில் முனையிலிருந்த எடைக்கட்டி. திருகு இறுக்கமாக இருந்தது, அவர் இறுக்கியது, விரல் நுனி வெளுக்கும்வரை திருகினேன், விட்டுக்கொடுத்தது.

நடுவர் சூசைராஜ் வந்து பக்கத்தில் குனிந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். என்னம்மா, ஏதாவது பழுதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பழுதில்லீங்க சார், கழட்டறேன் என்றேன். கழட்டலாம், விதியில தடையில்ல, ஆனா நேரம் நிக்காது, திரும்பக் கணக்குல சேராத மாதிரிக் குண்டும் சுட முடியாது, குறி மாறிப்போச்சுன்னா மாறினதுதான், தெரியுமில்ல என்றார். தெரியுமுங்க சார். அவர் ஒரு கணம் என் கையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பின்னால் நாற்காலி தரையில் உரசியது, என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். வாணி என்று கூப்பிட்டார். கூப்பிட்டே விட்டார், செருமவில்லை. ரசமட்டத்தைக் கழற்றினேன். சார், பார்வையாளர் பேசக் கூடாது, உக்காருங்க என்று சூசைராஜ் சொல்வது கேட்டது. நிறக்கண்ணாடிச் சக்கரம். தகடு. நாடா, அது பசையோடு பிய்ந்து வந்தது. கைத்தாங்கி. கொக்கி வரமாட்டேன் என்றது, அதன் திருகு கட்டையின் அடியில் இருந்தது, துப்பாக்கியை மடியில் கவிழ்த்துப்போட்டுக் கழற்றினேன், எல்லோரும் பார்த்திருப்பார்கள், பல் டாக்டர் சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கன்னப்பலகையையும் கழற்றிவிட்டுக் கழுத்துத் துண்டை மடித்துக் கட்டினேன். கழற்றியதெல்லாம் பாயின் ஓரத்தில் கிடந்தது. மீன் சுத்தம் செய்த இடம் மாதிரி இருந்தது.

தூக்கினேன். தோளுக்கு வந்துவிட்டது, இவ்வளவு சுளுவாக வந்து எவ்வளவு நாளாயிற்று, இனிமேல் பத்துதான், பத்தாகத்தான் விழும், பழைய நான்தான் இது, முழங்கையில் ரத்தம், காக்கி வார், எந்தப் பொண்ணு சுட்டது இது. அழுத்தினேன். தொலைநோக்கியில் பார்த்தேன். ஏழு, மேலே. முனையில் கனம் போனதும் குண்டு மேலே ஏறியிருக்கிறது, சரி, பின்துளையின் திருகைத் திருகி இரண்டு சொடுக்குக் கீழே இறக்கினேன், யாரும் செருமவில்லை. எட்டு. காற்றைப் பார்த்தேன், கொடி நான் சொன்ன பக்கம்தான் பறக்கிறது, காத்திருந்து சுட்டேன், எட்டு. அப்போதுதான் பார்த்தேன், முன்வளையம் ஆடுகிறது. குதிக்கிறது. மெல்ல, விட்டு விட்டு, ஒரே தாளத்தில். என் நெஞ்சு துடிப்பது அதில் தெரிகிறது. இவ்வளவு நாளும் அந்த அலுமினியம் அதை அமுக்கி வைத்திருந்தது. அவர் சொன்னது சரி, முனையில் கனம் இருந்தால் ஆடாது. கொக்கியும் சரி, தாங்கியும் சரி, மேகம் வந்தபோது வட்டம் மங்கியது, மஞ்சள் கண்ணாடி இருந்திருந்தால் மங்கியிருக்காது. எல்லாமே சரி. நான் நினைத்தமாதிரி பழைய நான் ஒன்றும் உள்ளே காத்துக்கொண்டிருக்கவில்லை, அவள் எப்போதோ எழுந்து போய்விட்டாள், நாற்பதை நெருங்குகிற ஒருத்தி குதிக்கிற வளையத்தைப் பிடிக்க முடியாமல் படுத்திருக்கிறாள். கண்ணில் நீர் வந்தது, இமையால் தள்ளினேன். எட்டு. ஒன்பது. ஏழு. அந்த நினைப்பும் வந்தது, காலிக் கூடம், நடுப்பகல், டம்ளர். வந்தது, வளையம் ஒரு சுழி சுழன்றது, அழுத்தினேன், எட்டு. அட்டையில் எட்டு என்றுதான் இருக்கிறது, எதனால் எட்டு என்று இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மோசமான எட்டு, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற எட்டு. இதில் அவருடைய பட்டறை இல்லை, அவருடைய தொண்டை இல்லை. முழுக்க என்னுடையது. நடுவில் ஒரு பத்து விழுந்தது, எப்படி விழுந்தது என்று தெரியாது, மறுபடி விழவில்லை. நேரம் முடிந்தது என்று ஊதல் ஊதியபோது சுடாத தோட்டாக்கள் பெட்டியில் மிச்சமிருந்தன.

கயிற்றை அவிழ்த்ததும் அவர் வந்தார். புள்ளிகளைப் பலகையில் எழுத இன்னும் நேரமிருந்தது, எழுதவேண்டிய அவசியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை, அணியில் இந்த வருஷம் நான் இல்லை. கோபமாக வருவார் என்று நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. அவர் பேன்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு பாயின் பக்கத்தில் குந்தினார். கைக்குட்டையை விரித்து, கழற்றியதை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை ஊதி, துடைத்து வைத்தார். ஒரு திருகு புல்லில் விழுந்திருந்தது, அது அவர் கண்ணில் படவில்லை, கையால் தடவித் தடவித் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது, அது எங்கே கிடக்கிறது என்று, எடுத்துக் கொடுக்கவில்லை. பாவம் என்று நினைக்கவும் செய்தேன், கோபம் அடங்கவும் இல்லை, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அவரே கண்டுபிடித்தார். கைக்குட்டையை முடிந்துகொண்டு, குந்தியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே வாணி."

அவர் பொய் சொல்லவில்லை. செய்திருப்பார். எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றவேண்டும், கழற்றியபின் எத்தனை சொடுக்கு இறக்கவேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கூடக் கொடுத்திருப்பார்.

"அதுக்குத்தானுங்க சொல்லல" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். நல்ல கண்ணும் கெட்ட கண்ணும் சேர்ந்து என் முகத்தில் எதையோ தேடின, எங்கே பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று தேடினமாதிரி இருந்தது, பிறகு அது நின்றது. எழுந்துகொள்ள ஒரு கையை நீட்டினார், பிடிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் தானே தரையில் ஊன்றி எழுந்துவிட்டார்.

பெட்டியில் வைக்கும்போதுதான் பார்த்தேன், உள்ளே பஞ்சுமெத்தையை அவர் எல்லாம் மாட்டிய ரைபிளின் அளவுக்கு வெட்டியிருந்தார், ஒவ்வொரு கட்டிக்கும் ஒவ்வொரு பள்ளம். வெறும் ரைபிள் அதில் நிற்கவில்லை. மூடிப் பூட்டிப் பின்சீட்டில் நானே வைத்தேன். மண்தடம் முடிந்து பாலக்காட்டு ரோட்டில் ஏறினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது உள்ளே புரண்டு பெட்டியில் இடித்தது, டொக், டொக், ஒவ்வொரு இடிக்கும் அவர் தோள் லேசாகச் சுருங்கியது. மதுக்கரை தாண்டியதும் தாங்க முடியாமல் கேட்டார், உள்ள ஆடுது வாணி, ஓரமா நிறுத்தித் துணி கிணி ஏதாச்சும் திணிச்சிரட்டுமா என்று. கேட்கும்போதே இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டிருந்தார், வேகமும் குறைந்திருந்தது.

"வேண்டாங்க. ஆடட்டும்."

டிக் டிக் என்று இண்டிகேட்டர் கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் கை நகர்ந்து அதை அணைத்தது.